போர்டு எழுதியவர் சேர்த்த புதையல்

பத்து வருடத்துக்கு முன் நடந்த ஒரு கல்யாணத்தின் பத்திரிகை இன்னும் உங்கள் வீட்டில் இருக்கிறதா? இருக்காது. பழைய பேப்பர்காரரிடம் போயிருக்கும்.

அப்படிப்பட்ட காகிதங்களைத் தேடித் தேடிச் சேர்த்தார் ஒருவர். அவர் பெயர் முத்தையா. காரைக்குடிக்குப் பக்கத்தில் உள்ள கோட்டையூர்க்காரர். கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதும் ஓவியர். 'ரோஜா முத்தையா' என்றால்தான் எல்லாருக்கும் தெரியும்.

ஏறத்தாழ 40 ஆண்டுகள் அவர் சேர்த்தார். சேர்ந்தவை சுமார் ஒரு லட்சம்!

என்னென்ன இருந்தன?

இலக்கிய நூல்கள் இருந்தன; சித்த வைத்திய நூல்கள் இருந்தன. அது பெரிய ஆச்சரியம் அல்ல. படித்தவர் வீட்டில் அவை இருக்கும். நாடக நோட்டீசு, சினிமாப் பாட்டுப் புத்தகம், காலணா அரையணாவுக்கு விற்ற கதைப் பாடல்கள், நின்றுபோன பத்திரிகைகள், கல்யாண அழைப்பிதழ்கள் — இவற்றை யார் வைத்திருப்பார்கள்? முத்தையா வைத்திருந்தார். நம் தாத்தா காலத்து மக்கள் எதைப் பார்த்தார்கள், எதைப் பாடினார்கள் என்று அறிய வேண்டுமானால் இந்தக் காகிதங்களைத்தான் கேட்க வேண்டும்.

என் பாட்டியிடமும் ஒரு நாடகப் பாட்டுப் புத்தகம் இருந்தது. எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். ஆனால் பாட்டெல்லாம் மனப்பாடம். அவர் போன பிறகு ஒரு நாள் வெந்நீர் அடுப்பு பற்றவைக்க அது போயிற்று. நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

பழைய காகிதத்துக்கு நெருப்பு ஒன்றுதானா பகை? கரையான், ராமபாணப் பூச்சி, மழைக்கால ஈரம் எல்லாம் உண்டு. மரக்கூழில் செய்த காகிதத்துக்கு உள்ளேயே ஒரு பகை இருக்கிறது. அதிலுள்ள அமிலம் நாளடைவில் அதையே அரித்துவிடும். தாள் பழுப்பேறி, தொட்டால் அப்பளம்போல் நொறுங்கும். இத்தனைக்கும் நடுவில் ஒரு தனி மனிதர் ஒரு லட்சத்தைக் காப்பாற்றி வைத்திருந்தார்!

1992-ல் முத்தையா காலமானார். இனி அந்தக் காகிதங்களின் கதி என்ன?

கடல் தாண்டி வந்த உதவி

அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை விலைக்கு வாங்கியது. வாங்கியவர்கள் பொருளைக் கையோடு எடுத்துப் போவதுதான் வழக்கம். ஆனால் சிகாகோக்காரர்கள் அதைத் தமிழ்நாட்டிலேயே வைத்தார்கள். 1994-ல் சென்னையில் அவர் பெயரால் ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. 1996-ல் படிப்பவர்களுக்குக் கதவு திறந்தது. நொறுங்கும் நிலையில் இருந்த நூல்களைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து, மைக்ரோபிலிம் சுருள்களில் பதித்தார்கள்.

இப்போது நூலகம் தரமணியில் இருக்கிறது. ஆராய்ச்சிக்காரர்கள் வெளிநாட்டிலிருந்தும் வருகிறார்கள். புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. அங்கேயே உட்கார்ந்து படிக்கலாம்.

பாட்டியின் பாட்டுப் புத்தகத்துக்கு என்ன பெயர் என்பது எனக்கு மறந்துவிட்டது. பாட்டின் முதல் அடி மட்டும் ஞாபகம் இருக்கிறது. ஒரு நாள் தரமணிக்குப் போய்த் தேடிப் பார்க்கவேண்டும்.