மிதித்தவுடன் வருமா வேகம்?

(மூன்றாம் ஆண்டு, இயற்பியல்)

சுருளிப்பட்டியில் பிறந்தவர்களுக்கு லோயர் கேம்ப் நீர்மின் நிலையம் புதியதன்று. பெரியாற்று நீர் மலைமீதிருந்து பெருங்குழாய்களில் பாய்ந்து இறங்கிச் சுழலியைச் சுற்றுகிறது, மின்சாரம் பிறக்கிறது. இதே தத்துவம் கையில் தூக்கக்கூடிய சிறு கருவியாகக் கார் எஞ்சின் அருகிலும் இயங்குகிறது என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா? அதுவே டர்போ சார்ஜர்.

டர்போ என்பது யாது?

எஞ்சினில் எரிந்த புகை சைலன்சர் வழியே வெளியேறுகிறது. அதன் வெப்பமும் அழுத்தமும் வீணாகப் போகும் ஆற்றலாகும். இதைப் பயன்படுத்த 1905-ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்பிரட் பூக்கி வழி கண்டு காப்புரிமை பெற்றார். வெளியேறும் புகை ஒரு சக்கரத்தைச் சுற்றுகிறது. அதே அச்சின் மறுமுனையிலுள்ள சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் திணிக்கிறது. காற்று மிகுந்தால் எரிபொருளையும் மிகுதியாக எரிக்கலாம், ஆற்றல் பெருகும். இச்சக்கரங்கள் நிமிடத்திற்கு 1 இலட்சம் சுற்றுகளுக்கு மேலும் சுழல வல்லவை.

தாமதம் ஏன்?

டர்போ இல்லாத எஞ்சினில் ஆக்சிலரேட்டரை மிதித்தவுடன் காற்று உள்ளே நுழையும். வண்டியும் உடனே பணியும். டர்போவிலோ ஒரு சங்கடம் உண்டு. காற்று மிக வேண்டுமெனில் சக்கரம் சுழல வேண்டும்; சக்கரம் சுழலப் புகை மிக வேண்டும்; புகை மிகுவதற்கோ காற்று மிக வேண்டும்! இவ்வட்டம் படிப்படியாகவே வலுப்பெறும். அந்தக் காத்திருப்பையே 'டர்போ லாக்' என்கின்றனர்.

பெரிய டர்போ பொருத்தினால் இத்தாமதம் வளரும். ஒரே வடிவமும் ஒரே உலோகமும் கொண்ட சக்கரங்களின் நிலைமத் திருப்புத்திறன் விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்கு நேர்விகிதத்தில் அமையும். விட்டம் 10 விழுக்காடு கூடினால் நிலைமத் திருப்புத்திறன் ஏறத்தாழ 61 விழுக்காடு கூடிவிடும். வகுப்பில் நாம் மனப்பாடம் செய்த பாடம்தான் இது!

இதனை என் பெரியப்பா மகன் அனுபவத்தில் கற்றார். அண்ணன் தம் டீசல் காரில் பெரிய டர்போ ஒன்றை மாட்டியிருந்தார். குமுளி மலைப்பாதையில், மழை நனைத்த ஒரு வளைவில், மிதித்தார், வண்டி பணியவில்லை. மேலும் மிதித்தார். திடீரென ஆற்றல் முழுவதும் ஒருசேர வந்தது. முன்சக்கரங்கள் பிடிப்பிழந்து சுழல, வண்டி திரும்பாமல் நேரே சென்று தடுப்புச் சுவரில் மோதி நின்றது. சுவருக்கு அப்பால் பள்ளம். டயருக்குள்ள பிடிப்பு ஓர் அளவானது. திரும்புவதற்குச் செலவாகும்போது இழுப்பதற்கு மிச்சம் குறைவு என்பதை அன்று உணர்ந்தோம்.

பந்தயம் தரும் பாடம்

ரெனோ நிறுவனம் 1977-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்திற்கு 1.5 லிட்டர் டர்போ எஞ்சினைக் கொண்டு வந்தது. பிறருடையவை 3 லிட்டர் எஞ்சின்கள். ஒரே டர்போவுடன் வந்த ரெனோ காரில் தாமதம் பெருங்குறையாயிற்று. 1979-இல் அதற்குப் பதிலாக இரு சிறிய டர்போக்களைப் பொருத்தினர். அவ்வாண்டே பிரெஞ்சு கிராண்ட் பிரீயில் ழான்-பியர் ழபுய் வென்றார். டர்போ கார் ஃபார்முலா ஒன்னில் பெற்ற முதல் வெற்றி அது.

காரணம் எளிது. 1990-இல் தொடங்கிய இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளத்தையே எடுத்துக்கொள்வோம். அதன் 3.7 கிலோமீட்டரில் 12 வளைவுகள் உண்டு. ஒவ்வொரு வளைவிலிருந்தும் வெளிவரும்போது மிதித்த அளவுக்கு, மிதித்த கணத்தில் ஆற்றல் வர வேண்டும். அங்கே இழந்த வேகம் அடுத்த நேர்ப்பாதை முழுவதும் குறைவாகவே தொடரும்.

தீர்வுகள் யாவை?

எடை குறைந்த சக்கரம், உராய்வைக் குறைக்கும் பால் பேரிங், காற்று செல்லும் குழாய்களின் நீளத்தைச் சுருக்குதல், புகை நுழையும் வழியைத் தேவைக்கேற்ப மாற்றும் அமைப்பு ஆகியவை உதவும். ஓட்டுநரும் தகுந்த கியரில் எஞ்சின் சுற்றைத் தளரவிடாமல் வைத்து, சற்று முன்னதாகவும் மெதுவாகவும் மிதிக்கப் பழக வேண்டும். ஃபார்முலா ஒன்னில் 2014 முதல் 2025 வரை மின்மோட்டார் கொண்டே டர்போவைச் சுழற்றித் தாமதத்தைப் போக்கினர்.

எனவே நண்பர்களே, டர்போ மாற்ற விழைவோர் 'எத்தனை குதிரைத்திறன்?' என்று மட்டும் கேளாதீர், 'எப்போது வரும்?' என்றும் கேளுங்கள். பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதை 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் தடுக்கிறது. வேகச் சோதனைக்கு உரிய இடம் பந்தயத் தளமே. எதிரே பேருந்து வரும் குமுளிப் பாதையன்று. அண்ணன் பழைய டர்போவையே மீண்டும் மாட்டிவிட்டார். இப்போது வண்டி முன்போலச் சீறுவதில்லை, சொன்னபடி கேட்கிறது.