மாவளிப் பொறி பறப்பது எப்படி?

கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி, கோயில் வாசலில் சொக்கப்பனை கொளுத்துவார்கள். நடுவில் பனைமரத்தை நட்டு, சுற்றிலும் காய்ந்த ஓலையைக் கட்டி நெருப்பு வைப்பார்கள். அடிமுடி காணமுடியாத தீப்பிழம்பாகச் சிவன் நின்றதன் நினைவு அது. அதே இரவில் பல ஊர்களில் பிள்ளைகள் சுற்றும் இன்னொரு நெருப்பு உண்டு. அதுதான் மாவளி. தலைக்கு மேல் சுழற்றினால் பொன்னிறப் பொறிகள் வட்டமாகச் சிதறும். இத்தனைக்கும் அதில் வெடிமருந்து துளிகூடக் கிடையாது.

எல்லாம் பனை தருவதுதான். ஆண்பனையின் காய்ந்த பூக்கதிர்களை, அதாவது பனம்பூவைப் பொறுக்கி, குழியில் போட்டுக் கொளுத்துவார்கள். நன்றாகக் கனன்றதும் மண்ணைத் தள்ளி மூடிவிடுவார்கள். இந்த மூடலில்தான் சூட்சுமம் இருக்கிறது. காற்றில்லாததால் பூ எரிந்து சாம்பலாவதில்லை. அதிலுள்ள நீரும் எளிதில் ஆவியாகும் பொருள்களும் சூட்டில் வெளியேறிவிட, பெரும்பாலும் கரியே மிஞ்சுகிறது. கொழுந்துவிட்டு எரியும் சுவாலைக்குக் காரணம் அந்த ஆவிப்பொருள்கள். அவை போய்விட்டதால் கரி சுவாலையின்றிக் கனலும்.

அந்தக் கரியை மையாக அரைத்து, பருத்தித் துணியில் சுருட்டி இறுக்கிக் கட்டுவார்கள். அரைப்பதற்கும் காரணம் உண்டு. 1 செ.மீ. பக்கமுள்ள கனசதுரக் கரித்துண்டின் மேற்பரப்பு 6 சதுர செ.மீ. அதையே 0.1 மி.மீ. துகள்களாக்கினால் பத்து லட்சம் துகள்கள் கிடைக்கும். மொத்தப் பரப்பு 600 சதுர செ.மீ. ஆகிவிடும். காற்றிலுள்ள ஆக்சிஜன் கரியைத் தொடும் இடம் நூறு மடங்கு கூடுகிறது.

துணிச்சுருளைப் பிளந்த பனைமட்டைகளுக்கு நடுவே வைத்துக் கட்டி, கயிறு பிணைத்து, நுனியில் தணல் வைத்து ஊதினால் மாவளி தயார். கம்பி மத்தாப்பில் எரிவதற்கான ஆக்சிஜனை பேரியம் நைட்ரேட் போன்ற வேதிப்பொருள் உள்ளிருந்தே கொடுக்கும். மாவளிக்கு அதைக் கொடுப்பது வெளிக்காற்று. அதனால்தான் சும்மா பிடித்திருந்தால் மங்கிக் கிடக்கும். சுற்றச் சுற்றப் பிரகாசிக்கும். ஒரு மீட்டர் கயிற்றில் நொடிக்கு இரண்டு சுற்று சுற்றினால், நுனியின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 45 கி.மீ. அந்த வேகத்தில் எதிர்க்காற்று கரியமில வாயுவைத் துடைத்துவிட்டுப் புது ஆக்சிஜனைத் திணிக்கிறது.

துணி கருகக் கருக, கனன்ற துகள்கள் பிடிவிட்டுப் பறக்கின்றன. அவை மையத்திலிருந்து நேர் வெளியே ஓடுவதாகத் தோன்றும். உண்மையில், நனைந்த குடையைச் சுழற்றும்போது தெறிக்கும் நீர்த்துளிபோல, விடுபட்ட கணத்தில் எந்தத் திசையில் போய்க்கொண்டிருந்தனவோ அந்தத் திசையிலேயே, வட்டத்தின் தொடுகோட்டில் பாய்கின்றன. எடை மிகக் குறைவு என்பதால் காற்று உடனே தடுத்துவிடுகிறது. மிதந்து இறங்கி அணைகின்றன.

செம்மஞ்சளாக ஒளிரும் பொறியின் வெப்பநிலை சுமார் 1,000 டிகிரி செல்சியஸ். ஆனாலும் சிறு பொறி கையில் பட்டால் சுருக்கென்று தைப்பதோடு போய்விடும். வெப்பநிலை எவ்வளவு உயர்ந்தாலும், தூசி அளவுள்ள துகளில் அடங்கிய வெப்பம் சொற்பம். பள்ளிப் பாடத்தில் பிள்ளைகள் குழம்பும் ‘வெப்பமும் வெப்பநிலையும் வேறு’ என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

மாவளிக்குப் பூ தரும் ஆண்பனை நுங்கு காய்க்காது. பயனற்றது என்று அதை முதலில் வெட்டுகிறவர்கள், பெண்பனை காய்ப்பதற்கு மகரந்தம் அதிலிருந்துதான் வர வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. இந்தக் கார்த்திகைக்கு உங்கள் பிள்ளைகளோடு ஒரு மாவளி செய்து பாருங்கள். வைக்கோல்போரும் கூரைவீடும் இல்லாத திறந்த வெளியில், பருத்தி உடை உடுத்தி, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வைத்துக்கொண்டு, பெரியவர் ஒருவர் சுற்றட்டும். பிள்ளைகள் தள்ளி நின்று பார்க்கட்டும்.