கேரட் தோட்டத்தில் கூடாரம் போடலாமா?

‘கேரட் விலை கட்டுப்படியாகவில்லை, தோட்டத்தில் சுற்றுலாக் கூடாரம் போடலாமா?’ என்று எமரால்டு வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

அவசரப்படாதீர்கள். நம் மாவட்டத்திலேயே மசினகுடி பக்கம் நடந்ததைப் பாருங்கள். 2010-ல் சீகூர் யானை வழித்தடத்தை அரசு அறிவித்தது. 2018-ல் பல விடுதிகளுக்குச் சீல் வைத்தார்கள். 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அறிவிப்பை உறுதி செய்தது. போட்ட முதல் என்னவாகும்?

உயிர்ச்சேதம் அதைவிடப் பெரிது. 2021 ஜனவரியில் வயநாடு மேப்பாடியில் கூடார முகாமில் தங்கிய பெண்ணை யானை கொன்றது. எமரால்டில் காட்டெருமை உண்டு, கரடி உண்டு. கழித்துப்போட்ட கேரட் தழைக்கே ராத்திரியில் காட்டெருமை வந்து நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். அந்த நேரம் விருந்தாளி டார்ச்சோடு வெளியே வந்தால்?

வனத்துறை, வருவாய்த்துறை, உள்ளாட்சி அனுமதிகளை எழுத்தில் வாங்குங்கள். வங்கிக் கடனுக்கு அதன் பிறகு போகலாம்.