ஆயில் குடிக்கும் விமான எஞ்சின்: நோய் எங்கே?

டாக்ஸி ஒன்று நீலப் புகை விட்டுக்கொண்டு போனால், "ரிங் போச்சு" என்று தெருமுனை மெக்கானிக்கே சொல்லிவிடுவார். எஞ்சின் நின்றாலும் வண்டியை ஓரமாகத் தள்ளி நிறுத்தலாம். ஒற்றை எஞ்சினுடன் பறக்கும் சிறிய விமானத்துக்கு அந்த வசதி கிடையாது. ஆயில் வற்றினால் பேரிங்குகள் தேய்ந்து, எஞ்சின் இறுகி நின்றுவிடும். அதற்காகச் சந்தேகத்தின் பேரிலேயே எஞ்சினைக் கழற்றினாலோ, செலவு பல லட்சம். ஆகவே நோயைச் சரியாகக் கண்டுபிடிப்பதுதான் பராமரிப்பு எஞ்சினியரின் முதல் வேலை.

1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து தபாலுடன் பம்பாய் ஜூஹுவில் வந்திறங்கினார். அங்கிருந்து நெவில் வின்ட்சென்ட் அதைச் சென்னைக்குக் கொண்டு சென்றார். அந்தப் 'பஸ் மோத்' விமானங்களில் இருந்தவை பிஸ்டன் எஞ்சின்களே. பயிற்சிப் பள்ளிகளின் செஸ்னா விமானங்கள் பலவற்றில் இன்றும் பிஸ்டன் எஞ்சின்தான்.

எவ்வளவு குடிக்கலாம்?

காற்றால் குளிரும் இந்த எஞ்சின்களில் கொஞ்சம் ஆயில் எரியத்தான் செய்யும். அதற்கு லைகாமிங் கம்பெனி ஒரு கணக்கு வைத்திருக்கிறது. குதிரை சக்தியை 0.006 ஆலும் பிறகு 4 ஆலும் பெருக்கி, 7.4 ஆல் வகுக்க வேண்டும். 160 குதிரை சக்தி எஞ்சினுக்கு மணிக்கு சுமார் 0.52 குவார்ட் வரும். ஒரு குவார்ட் என்பது லிட்டருக்குச் சற்றுக் குறைவு. அதாவது, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு குவார்ட் என்பது உச்ச வரம்பு. அதற்குள் இருந்தாலும், செலவு திடீரென்று கூடினால் எச்சரிக்கை தேவை.

முதலில் அளவு

விமானம் சமதரையில் நிற்க வேண்டும். எஞ்சின் நின்றபின் ஆயில் முழுதும் கீழே வடிய நேரம் கொடுக்க வேண்டும். தொட்டியை விளிம்பு வரை நிரப்பினால், மேலே உள்ள ஆயில் மூச்சுக்குழாய் வழியே வெளியே போய்விடுவதுண்டு. ஒரு குவார்ட் குறைத்து ஊற்றினாலே சில விமானங்களில் 'நோய்' தீர்ந்துவிடும்.

அடுத்து, எஞ்சினைக் கழுவிச் சிறிது நேரம் ஓட்டி, கசிவு எங்கே என்று பார்க்க வேண்டும். புஷ்ராடு குழாய் சீல், வால்வு மூடியின் கேஸ்கட், முன்பக்கச் சீல் ஆகியவை அடிக்கடி கசியும் இடங்கள்.

காற்று காட்டும் உண்மை

வெளியே கசிவு இல்லையென்றால், ஆயில் உள்ளேதான் எரிகிறது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினால், ஆயிலில் நனைந்த பிளக் எந்த சிலிண்டருடையதோ, அங்கேதான் சந்தேகம். பிறகு பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, சதுர அங்குலத்துக்கு 80 பவுண்டு அழுத்தத்தில் காற்றைச் செலுத்துவார்கள். புரொப்பெல்லரைக் கெட்டியாகப் பிடித்திருக்க வேண்டும். நழுவிச் சுழன்றால் ஆளையே வெட்டிவிடும்.

ஆயில் ஊற்றும் வாயில் காற்றின் சீறல் கேட்டால் ரிங் அல்லது சிலிண்டர் சுவர். புகைக்குழாயில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு. கார்புரேட்டர் பக்கம் கேட்டால் இன்டேக் வால்வு. ஆனால் அளவு நன்றாக இருந்தாலே எஞ்சின் சுகம் என்று நம்பக்கூடாது. இந்தச் சோதனை அழுத்த ரிங்குகளைத்தான் காட்டும். ஆயில் ரிங் கரி பிடித்து ஒட்டிக்கொண்டால் அது தெரியாது. சிறு கேமராவை உள்ளே விட்டுப் பார்ப்பதும், ஆயில் பில்டரை அறுத்து உலோகத் துகள் தேடுவதும் அதற்காகவே.

ஓடாததும் கெடுதல்

கடலோரத்தில் மழைக்காலம் முழுவதும் ஓடாமல் நிற்கும் எஞ்சினில் சிலிண்டர் சுவர் துருப்பிடிக்கும். புது சிலிண்டரை மெதுவாக ஓட்டுவதும் தவறு. அழுத்தம் போதாமல் ரிங் சுவரில் பதியாது. சுவர் கண்ணாடிபோல் வழுவழுப்பாகி, ஆயில் மேலே ஏறும். அதனால்தான் முதல் 50 மணி நேரம், அல்லது ஆயில் செலவு ஒரு நிலைக்கு வரும்வரை, பெரும்பாலும் சாதா மினரல் ஆயில் ஊற்றி, நல்ல வேகத்தில் பறக்கச் சொல்கிறார்கள்.

ஒவ்வொரு முறை ஊற்றிய ஆயிலையும் பறந்த மணியையும் நோட்டில் குறித்து வைப்பதற்குச் செலவு ஏதுமில்லை. கோளாறு வளர்வதை முதலில் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் அந்த நோட்டுத்தான்.