தோசை வரவில்லை என்றால் சர்வரைத் திட்டாதீர்கள்

அமெரிக்காவில் ‘ட்ரக்’ என்று சொன்னால் அது பெரும்பாலும் நம் ஊர் லாரி இல்லை. முன்னால் நாலைந்து பேர் உட்காரும் கேபின், பின்னால் திறந்த தொட்டி: ஃபோர்டு எஃப்-150 போன்ற பிக்அப். அதன் டேஷ்போர்டு நடுவில் ஒரு பெரிய தொடுதிரை. பாட்டு, மேப், போன், ரிவர்ஸ் கேமரா எல்லாம் அதில்தான். ஒருநாள் காலையில் வண்டியைக் கிளப்பினால் திரை கறுப்பாகக் கிடக்கிறது. உடனே வாயில் வருவது: “டிஸ்ப்ளே போச்சு.”

பெரும்பாலும் போயிருக்காது. டிபன் கடையில் தோசை வரவில்லை என்று சர்வரிடம் எரிந்து விழுவதுபோல்தான் இது. திரை வெறும் சர்வர். நாம் கேட்பதை உள்ளே போய்ச் சொல்லும். உள்ளே கொடுப்பதைக் கொண்டுவந்து வைக்கும். அடுப்பு அதன் கையில் இல்லை.

அடுப்பு இருப்பது டேஷ்போர்டுக்குள் உள்ள பெட்டியில். அங்கே பிராசஸர்தான் மாஸ்டர். ரேம் அவர் முன்னால் உள்ள மேடை. நறுக்கியது, அரைத்தது எல்லாம் வேலை நடக்கும்வரை அதன்மேல் பரப்பிக் கிடக்கும். ஃபிளாஷ் மெமரி ஸ்டோர் ரூம். மென்பொருள், மேப், நீங்கள் இணைத்துவைத்த போன்களின் பெயர்கள் அங்கே இருக்கும்.

பலரும் இங்கேதான் ஏமாறுகிறார்கள். வண்டியை அணைத்துவிட்டு மறுபடி கிளப்பினால் எல்லாம் புதிதாகத் தொடங்கும் என்று நினைக்கிறார்கள். பல வண்டிகளில் அப்படி நடப்பதில்லை. அடுத்த முறை திரை சட்டென்று வர வேண்டுமே என்று பெட்டி அடுப்பை அணைக்காமல் சிம்மில் வைத்துத் தூங்கும். மேடையில் நேற்றுச் சிந்திய மாவு அப்படியே காய்ந்து கிடக்கும். அதைத் துடைக்கத் தனி வழி உண்டு. ஃபோர்டின் ‘சிங்க் 3’ என்ற திரை அமைப்பு உள்ள வண்டிகளில் பவர் பட்டனையும் அடுத்த பாட்டுக்குத் தாவும் பட்டனையும் சேர்த்து 10 விநாடிபோல அழுத்திப் பிடிக்க வேண்டும். திரை அணைந்து, பெட்டி முதலிலிருந்து எழும். இணைத்த போன்கள் அழியாது. மெனுவில் இருக்கும் ‘மாஸ்டர் ரீசெட்’ வேறு சங்கதி. அது ஸ்டோர் ரூமில் நீங்கள் சேர்த்துவைத்ததையெல்லாம் வாரி வெளியே கொட்டுவது. எடுத்த எடுப்பில் அதில் கைவைக்க வேண்டாம்.

மேடையைத் துடைத்தும் சரியாகவில்லையா? காஸை, அதாவது பெட்டிக்கு வரும் மின்சாரத்தைப் பாருங்கள். பெட்டிக்கு வழக்கமாக இரண்டு லைன் வரும்: ஒன்று பேட்டரியிலிருந்து எந்நேரமும், இன்னொன்று சாவி போட்டால் மட்டும். இரண்டுக்கும் ஃபியூஸ் தனி. ஒன்றைப் பார்த்துவிட்டு ‘ஃபியூஸ் நல்லாருக்கு’ என்று எழுந்து வருபவர்கள் நிறைய. பேட்டரியையும் அளக்க வேண்டும். நல்ல 12 வோல்ட் பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும். இன்ஜின் ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டி இருக்கும். பேட்டரி கிழடுதட்டிவிட்டால் ஸ்டார்ட்டர் சுழலும் நொடியில் வோல்டேஜ் சரிந்து, பெட்டி மயங்கி விழுந்து எழும். பக்கத்து அடுப்பைப் பெரிதாக்கினால் நம் அடுப்பு சிணுங்குமே, அதேதான். (நம் ஊர் கனரக லாரிகளில் 24 வோல்ட். 12 வோல்ட் ஸ்டீரியோவுக்காக இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் வயர் இழுத்தால், அந்தப் பேட்டரி சீக்கிரம் சாகும். கன்வெர்ட்டர் வாங்கும் காசு அதைவிடக் குறைவு.)

காஸும் சரி, மேடையும் சுத்தம், அப்படியும் மாஸ்டர் சும்மா உட்கார்ந்திருக்கிறார் என்றால், ஆர்டர் அவர் காதில் விழுந்ததா என்று கேட்க வேண்டும். வண்டிக்குள் பெரும்பாலான கணினிகள் பேசிக்கொள்வது ‘கேன்’ என்ற கம்பிவழியில். பாஷ் நிறுவனம் 1986இல் அறிமுகப்படுத்தியது. முறுக்கிய இரண்டு கம்பிகள், அவ்வளவுதான். “ரெண்டு ரவா!” என்று கடையில் குரல் எழுந்தால் எல்லோர் காதிலும் விழும்; தோசை மாஸ்டர் எடுத்துக்கொள்வார், காபி போடுபவர் கண்டுகொள்ள மாட்டார். கேனும் அப்படித்தான். ஒரே நேரத்தில் இருவர் கத்தினால் முக்கியமான செய்தி தொடரும். மற்றவர் வாயை மூடிக்கொண்டு பிறகு சொல்வார். இந்த ஒழுங்கு பல ஹோட்டல்களில் இல்லை.

சாவி போட்டாச்சு, ரிவர்ஸ் கியர் விழுந்தாச்சு என்பதெல்லாம் பெட்டிக்குப் பெரும்பாலும் இந்த வழியில்தான் தெரியும். தெரியாவிட்டால் தூங்கிக்கொண்டே இருக்கும். கம்பியின் இரு முனைகளிலும் எதிரொலியை விழுங்க 120 ஓம் ரெசிஸ்டர் இருக்கும். பேட்டரியைக் கழற்றிவிட்டு இரண்டு கம்பிக்கும் நடுவே அளந்தால் 60 ஓம் வர வேண்டும். 120 வந்தால் ஒரு முனை அறுந்திருக்கிறது. மீட்டரை எடுப்பதற்கு முன், ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் நீங்களாகச் செருகிய சின்னச் சின்னக் கருவிகளை உருவிப் பாருங்கள். அழைக்காமல் சமையல்கட்டுக்குள் நுழைந்து கத்துபவர்கள் அவர்கள்தான்.

எல்லாம் ஓடுகிறது, ஒரு ஐட்டம் மட்டும் வரவில்லை என்றால் வேலை சுலபம். போன் சார்ஜ் ஏறுகிறது, மேப் மட்டும் திரையில் வரவில்லையா? கேபிளை மாற்றுங்கள், மலிவுக் கேபிள் சிலவற்றில் தகவல் போகும் கம்பியே இருக்காது. ரிவர்ஸ் கேமரா மட்டும் கறுப்பா? பிக்அப்பில் அது தொட்டியின் பின்கதவில் இருக்கும். கதவைத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் வயர் மடங்கி நிமிரும், ஒருநாள் அறுந்துபோகும். யாரும் தொடாமலே திரை தானாக மெனுவைத் திறக்கிறதா? அப்போது மட்டும் சர்வரைத் திட்டலாம். வெயிலில் தொடுபடலத்தின் ஒட்டுப்பசை பிரிந்து, யாரும் சொல்லாத ஆர்டரை அவர் எழுதிக்கொண்டிருப்பார்.

வெளியிலிருந்து வரும் சரக்காலும் சமையல்கட்டு கவிழும். 2022 ஜனவரியில் சியாட்டிலில் நடந்தது அதுதான். ட்ரக் இல்லை, 2014 முதல் 2017 வரையிலான மாஸ்டா கார்கள். 94.9 பண்பலை வானொலி தன் ஒலிபரப்போடு அனுப்பிய சில படக் கோப்புகளின் பெயரில், அவை எந்த வகை என்று சொல்லும் கடைசி எழுத்துகள் இல்லை. பெயர் எழுதாத பொட்டலத்தைப் பிரித்த மாஸ்டர் மயங்கினார். தெளிந்ததும் அதே பொட்டலத்தைப் பிரித்தார். ரேடியோ அந்த ஸ்டேஷனிலேயே சிக்கிக்கொண்டது, பெட்டி திரும்பத் திரும்ப ரீபூட் ஆனது. மாற்றுப் பெட்டிக்குச் சுமார் 1,500 டாலர் என்றார்கள்.

பழைய வண்டிக் கடையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று பெட்டியை வாங்கிவந்து மாட்டுபவர்களும் உண்டு. பல வண்டிகளில் பெட்டிக்குள் அது பிறந்த வண்டியின் அடையாள எண் பதிந்திருக்கும். புது இடத்தில் மாட்டினால், திருட்டுச் சரக்கோ என்று பூட்டிக்கொள்ளும். டீலர் வந்து, “இனிமேல் இதுதான் உன் கடை” என்று கணினியில் எழுதிக் கொடுக்கும்வரை மாஸ்டர் கரண்டியைத் தொட மாட்டார்.