மனைவிக்கு அமெரிக்க விசா மறுப்பு... 'வேவர்' கேட்டால் கிடைக்குமா? அதிகாரிகள் பார்ப்பது யாருடைய கஷ்டத்தை?

ஒரு கற்பனைத் தம்பதியை எடுத்துக்கொள்வோம். கணவர் டல்லாஸில் சாஃப்ட்வேர் வேலையில் இருக்கிறார், அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டார். மனைவி கோவையில். கல்யாணம் முடிந்து மனு போட்டு, அது அப்ரூவ் ஆகி, ஒருவழியாக மும்பையில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் குடியேற்ற விசா நேர்காணல். அங்கே அதிகாரி ஒரே ஒரு பழைய விஷயத்தைக் கேட்கிறார்: "எட்டு வருஷத்துக்கு முன்னாடி வேலை விசாவுக்கு விண்ணப்பிச்சப்ப கொடுத்த அனுபவச் சான்றிதழ் உண்மையானதா?"

அது உண்மையானது இல்லை. 23 வயதில், ஒரு கன்சல்டன்சி "எல்லாரும் இப்படித்தான் பண்றாங்க" என்று சொல்லித் தயாரித்துக் கொடுத்தது. அன்றைக்கு அந்த விசாவும் கிடைக்கவில்லை, அதோடு அவர் அதை மறந்தும்விட்டார். ஆனால் தூதரகத்தின் கணினி மறக்கவில்லை. கையில் ஒரு தாள் வருகிறது. விசா மறுக்கப்பட்டது என்றும், 'வேவர்', அதாவது விலக்கு கோரலாம் என்றும் அதில் இருக்கிறது.

இங்கிருந்துதான் பெரும்பாலான குடும்பங்கள் தவறான பாதையில் ஓட ஆரம்பிக்கின்றன. மன்னிப்புக் கடிதம் எழுதுவது, தூதரகத்துக்கு மெயில் மேல் மெயில் போடுவது, 'அவ ரொம்ப நல்ல பொண்ணு சார்' என்று ஊர்ப் பெரியவரிடம் நற்சான்று வாங்குவது. வேவர் என்பது முதலில் இதைப் பற்றியதே அல்ல.

முதலில் அந்தத் தாளைப் படியுங்கள்

'விசா ரிஜெக்ட்' என்று நாம் பொதுவாகச் சொல்வதில் மூன்று வேறு வேறு சமாச்சாரங்கள் கலந்திருக்கின்றன. 221(ஜி) என்று போட்டிருந்தால் ஆவணம் பாக்கி, அல்லது கூடுதல் சரிபார்ப்பு நடக்கிறது என்று பொருள். அதற்கு வேவர் தேவையில்லை, கேட்டதைக் கொடுக்க வேண்டும். 214(பி) என்பது டூரிஸ்ட், மாணவர் விசாக்களில் வருவது. ஊர் திரும்புவீர்கள் என்ற நம்பிக்கை அதிகாரிக்கு வரவில்லை என்று அர்த்தம். அதற்கு வேவரே கிடையாது, சூழ்நிலை மாறிய பிறகு மறுபடி விண்ணப்பிக்கலாம், அவ்வளவுதான்.

மூன்றாவதுதான் 212(ஏ). 'இவர் நாட்டுக்குள் அனுமதிக்கத் தகுதியற்றவர்' என்ற முத்திரை. அதற்குள்ளும் பல உட்பிரிவுகள் உண்டு. விசாவுக்காகப் பொய் சொன்னது அல்லது போலி ஆவணம் கொடுத்தது என்றால் 212(ஏ)(6)(சி)(ஐ). இது 3 வருடத் தடையோ 5 வருடத் தடையோ இல்லை, ஆயுள் முழுக்க. வேவர் கிடைக்காவிட்டால் 60 வயதிலும் அந்த 23 வயதுப் பொய் நிற்கும். அமெரிக்காவில் அனுமதிக் காலம் தாண்டி 180 நாட்களுக்கு மேல் தங்கிவிட்டு வெளியேறியிருந்தால் 3 ஆண்டுத் தடை. ஓராண்டு அல்லது அதற்கு மேல் என்றால் 10 ஆண்டு.

சில மறுப்புகளுக்குக் குடியேற்ற விசாவில் கதவே இல்லை. 'நான் அமெரிக்கக் குடிமகன்' என்று பொய்யாகச் சொல்லியிருப்பது அதில் ஒன்று. போதைப்பொருள் வழக்குகளில், 30 கிராமோ அதற்குக் குறைவாகவோ கஞ்சா வைத்திருந்த ஒரே ஒரு சம்பவம் தவிர, அநேகமாக எதற்கும் வழி கிடையாது. அதனால் தாளில் உள்ள எண்ணையும் எழுத்தையும் பார்க்காமல் யாருக்கும் ஃபீஸ் கட்டாதீர்கள்.

இன்னொன்று. அதிகாரியின் முடிவே தவறாக இருக்கலாம். பொய் என்றால் அது வேண்டுமென்றே சொன்னதாக இருக்க வேண்டும், விசா முடிவைப் பாதிக்கக்கூடிய விஷயமாகவும் இருக்க வேண்டும். பிறந்த தேதியில் எழுத்துப்பிழை எல்லாம் இதில் வராது. அப்படியொரு சந்தேகம் இருந்தால் முதலில் அந்த முத்திரையையே எதிர்த்து வாதிட வேண்டும். வேவர் கேட்பது, 'ஆமாம், தப்பு நடந்தது' என்று ஒப்புக்கொள்வதற்குச் சமமாக எடுத்துக்கொள்ளப்படலாம். 'ஏஜென்ட்தான் போட்டார்' என்ற வாதமோ, உங்களுக்குத் தெரிந்தே நடந்திருந்தால் எடுபடாது.

கஷ்டப்பட வேண்டியவர் அவர் அல்ல

வேவருக்கான படிவம் ஐ-601. 2024 ஏப்ரல் 1 முதல் கட்டணம் 1,050 டாலர். மறுத்தாலும் பணம் திரும்பாது. இதில் முடிவெடுப்பது தூதரகமும் அல்ல, அமெரிக்காவுக்குள் இருக்கும் யுஎஸ்சிஐஎஸ் என்ற குடியேற்றத் துறை. தூதரக அதிகாரியிடம் அழுது பிரயோஜனமில்லை என்பதற்கு இதுவே காரணம். அவர் நினைத்தாலும் கொடுக்க முடியாது.

பொய், கூடுதல் தங்கல் ஆகிய இரண்டுக்கும் சட்டம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: விண்ணப்பதாரரை உள்ளே விடாவிட்டால், அவருடைய கணவன், மனைவி, அம்மா அல்லது அப்பா - இவர்களில் அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ள ஒருவருக்கு - 'கடும் துன்பம்' ஏற்படுமா?

மறுபடி ஒருமுறை படியுங்கள். கோவையில் தனியாக இருக்கும் மனைவி படும் பாடு இந்தக் கணக்கில் நேரடியாக வரவே வராது. டல்லாஸில் இருக்கும் கணவர் படும் பாடுதான் கணக்கு. அவர்களுக்கு நான்கு வயதுக் குழந்தை இருந்து, அது அமெரிக்கக் குடிமகனாகவே இருந்தாலும், குழந்தையின் துன்பமும் தனியாக எண்ணப்படாது. அம்மா இல்லாமல் குழந்தையை வளர்ப்பது கணவரை எப்படி முறிக்கிறது என்று காட்டினால்தான் குழந்தை உள்ளே வரும். குற்றப் பின்னணிக்கான சில வேவர்களில் மட்டும் பிள்ளைகளின் துன்பத்தையும் சட்டம் நேரடியாகப் பார்க்கிறது. கணவரோடு வசிக்கும் அவருடைய வயதான அம்மாவும் அப்படித்தான். அவர் விண்ணப்பதாரருக்கு மாமியார், அம்மா அல்ல. அதனால் மாமியாரின் டயாலிசிஸ் ஒரு தனிக் காரணம் ஆகாது, 'மாமியாரை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போக என் கணவர் வேலையை விட வேண்டியிருக்கிறது' என்பது காரணம் ஆகும்.

கேட்க விசித்திரமாக இருக்கிறதுதான். ஆனால் மனு எழுதும்போது நடக்கும் பெரும்பாலான தவறுகள் இந்த ஒரு இடத்தில்தான்.

'பிரிஞ்சிருக்கோம்' என்பது போதாது

கணவனும் மனைவியும் பிரிந்திருப்பதைவிடப் பெரிய துன்பம் என்ன வேண்டும் என்று தோன்றும். குடியேற்ற மேல்முறையீட்டு வாரியம் பல தீர்ப்புகளில் சொன்னது வேறு: பிரிவு, வருமான இழப்பு, புது நாட்டில் பழக வேண்டியிருப்பது, அங்கே பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் சுமாராக இருப்பது - இதெல்லாம் இந்த நிலையில் எல்லாக் குடும்பத்துக்கும் வருவது, இவை மட்டுமே 'கடும்' ஆகாது. ஆனால் எல்லாவற்றையும் சேர்த்து மொத்தமாக எடை போட வேண்டும் என்பதும் அதே வாரியத்தின் நிலைப்பாடு. 1999-இல் செர்வாண்டஸ்-கொன்சாலஸ் வழக்கில் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று வாரியம் எடுத்துச் சொன்னது. குடும்ப உறவுகள் எந்த நாட்டில் இருக்கின்றன, போக வேண்டிய நாட்டின் நிலைமை, பண நிலை, உடல்நலம் ஆகியவை அதில் முக்கியமானவை.

நம் ஆட்களுக்குச் சிக்கல் வருவது அடுத்த கேள்வியில்: 'சரி, நீங்க ஏன் இந்தியாவுக்குப் போய் மனைவியோட இருக்கக் கூடாது?'

டெக்சாஸில் பிறந்து வளர்ந்த ஒருவருக்கு இதற்குப் பதில் சுலபம். கோவையில் பிறந்து, அங்கேயே இன்ஜினியரிங் படித்து, 30 வயதுக்கு மேல் குடியுரிமை வாங்கியவர் என்ன சொல்வார்? மொழி தெரியும், சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள், பெங்களூரில் வேலையும் கிடைக்கும். அதிகாரி இதை எல்லாம் எழுதி வைத்துத்தான் மறுப்பார். ஆகவே இந்தியாவைப் பற்றிப் பொதுவாகக் குறை சொல்லும் பக்கங்கள் பயன்படாது. மூளை அறுவைக்குப் பிறகு அதே மருத்துவரின் கண்காணிப்பில் இருக்க வேண்டும், முதல் திருமணத்தில் பிறந்த மகளை நாட்டை விட்டு அழைத்துப்போக நீதிமன்ற உத்தரவு அனுமதிக்கவில்லை, கல்விக் கடனும் வீட்டுக் கடனும் டாலரில் இருக்க ரூபாய் சம்பளத்தில் தவணை கட்ட முடியாது - இந்த மாதிரி, அந்த ஒருவருக்கு மட்டுமே பொருந்தும் விஷயங்கள் வேண்டும்.

2016 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த யுஎஸ்சிஐஎஸ் வழிகாட்டுதல் ஒரு நல்லது செய்தது. கணவர் அமெரிக்காவிலேயே பிரிந்து இருக்கப் போகிறாரா, அல்லது கிளம்பி வரப் போகிறாரா என்பதை நம்பும்படி காட்டினால், அந்த ஒரு பக்கத்துத் துன்பத்தை மட்டும் நிரூபித்தால் போதும். காட்டாவிட்டால் இரண்டு பக்கமும் நிரூபிக்க வேண்டும். கணவரின் வாக்குமூலத்தில் 'நான் என்ன செய்வேன்' என்று தெளிவாக ஒரு பத்தி இல்லாத மனுக்கள் இதில்தான் சறுக்குகின்றன.

அதே வழிகாட்டுதல் சில சூழல்களுக்குக் கூடுதல் எடை கொடுக்கிறது: துன்பப்படுபவர் மாற்றுத்திறனாளி, அமெரிக்க ராணுவத்தில் பணிபுரிகிறவர், போக வேண்டிய நாட்டுக்கு அமெரிக்க வெளியுறவுத் துறை கடுமையான பயண எச்சரிக்கை விடுத்திருப்பது, அவருக்கு ஏற்கெனவே அகதி அந்தஸ்தோ அடைக்கலமோ வழங்கப்பட்டிருப்பது. இலங்கையிலிருந்து தப்பி வந்து அடைக்கலம் பெற்ற ஒருவரிடம் 'நீங்க ஏன் யாழ்ப்பாணம் போய் மனைவியோட வாழக் கூடாது' என்று கேட்பது எவ்வளவு அபத்தம் என்பதைச் சட்டமும் ஓரளவு புரிந்துகொண்டிருக்கிறது.

ஆதாரம் என்றால் காகிதம். மருத்துவர் கடிதத்தில் நோயின் பெயர் மட்டும் போதாது, யார் உதவி தேவை, எத்தனை நாளைக்கு ஒருமுறை என்று இருக்க வேண்டும். மனநல நிபுணரின் மதிப்பீடு ஒரே ஒரு மணி நேரச் சந்திப்பில் எழுதப்பட்டதாக இருந்தால் அதற்கு எடை குறைவு, தொடர் சிகிச்சைப் பதிவு இருந்தால் அதிகம். வங்கிக் கணக்கு, வரிப் படிவம், தமிழ் ஆவணமாக இருந்தால் சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்பு. இதையெல்லாம் தாண்டிய பிறகுதான் 'நல்ல பொண்ணு' கடிதங்களுக்கு வேலை. துன்பம் நிரூபணமானாலும், கொடுப்பதா வேண்டாமா என்பது அதிகாரியின் விருப்புரிமை. அங்கே நன்னடத்தை, வருத்தம், எட்டு வருடமாக வேறு எந்தத் தப்பும் இல்லாதது எல்லாம் எடையில் ஏறும்.

கணவர் எச்-1பி என்றால்?

மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. எச்-1பி-யில் இருப்பவர் குடிமகனும் இல்லை, கிரீன் கார்டு உள்ளவரும் இல்லை. ஆனால் மனைவி கேட்பது எச்-4 என்ற தற்காலிக விசா, அதற்கு 212(டி)(3) என்ற தனி விலக்கு இருக்கிறது. இதற்குக் கடும் துன்பம் நிரூபிக்கத் தேவையே இல்லை. 1978-இல் ஹ்ரான்கா என்ற வழக்கில் வகுத்த மூன்று விஷயங்கள்தான்: உள்ளே விட்டால் சமூகத்துக்கு என்ன ஆபத்து, பழைய தப்பு எவ்வளவு தீவிரமானது, இப்போது வருவதற்கான காரணம் என்ன. இங்கே தூதரக அதிகாரி பரிந்துரைத்தால்தான் கோப்பு நகரும், எல்லைப் பாதுகாப்புத் துறை முடிவெடுக்கும். ஆனால் நாளை குடும்பத்துக்குக் கிரீன் கார்டு வரும் கட்டத்தில் பழைய 212(ஏ) திரும்பவும் எழுந்து நிற்கும், அப்போது ஐ-601 வேண்டும்.

உள்ளே இருப்பவர்கள் கவனிக்க

கூடுதலாகத் தங்கிவிட்டு இன்னும் அமெரிக்காவிலேயே இருப்பவர்களுக்கு ஒரு விஷயம் முக்கியம். அந்த 3, 10 ஆண்டுத் தடைகள் தங்குவதால் விழுவதில்லை, வெளியேறும் நொடியில்தான் விழுகின்றன. முறையாக விசாவில் நுழைந்து, குடிமகனைத் திருமணம் செய்தவர், அனுமதிக் காலம் முடிந்திருந்தாலும் பொதுவாக உள்ளேயே இருந்து கிரீன் கார்டுக்கு விண்ணப்பிக்க முடியும். அதே நபர் 'அப்பா ஐசியு-வில் இருக்கார்' என்ற போன் வந்ததும் டிக்கெட் போட்டால், மீனம்பாக்கத்தில் இறங்கும்போது 10 ஆண்டுத் தடையோடு இறங்குகிறார். கிரீன் கார்டு விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது 'அட்வான்ஸ் பரோல்' என்ற முன் அனுமதி வாங்கிப் போனால் அது வெளியேற்றமாகக் கருதப்படாது என்று 2012-இல் ஒரு தீர்ப்பு வந்தது. அரபல்லி - எர்ரபெல்லி வழக்கு. பெயரைப் பார்த்தாலே தெரியும், இந்தியத் தம்பதி போட்ட வழக்கு.

உள்ளேயிருந்து கிரீன் கார்டுக்கு விண்ணப்பிக்க வழியில்லாதவர்களுக்காக 2013 மார்ச்சில் ஐ-601ஏ வந்தது. கிளம்புவதற்கு முன்பே தற்காலிக ஒப்புதல் வாங்கும் முறை. ஆனால் இது கூடுதல் தங்கலுக்கு மட்டும். பழைய பொய் ஒன்று நேர்காணலில் வெளிவந்தால் அந்த ஒப்புதல் அங்கேயே செல்லாமல் போகும்.

கோர்ட்டுக்குப் போகலாமா?

2024 ஜூன் 21 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் முன்யோஸ் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. சாண்ட்ரா முன்யோஸ் லாஸ் ஏஞ்சலஸில் வழக்கறிஞர், அமெரிக்கக் குடிமகள். அவருடைய கணவர் எல் சால்வடாரைச் சேர்ந்தவர். 2015-இல் சான் சால்வடார் தூதரகம் விசா மறுத்தது. உடம்பில் இருந்த டாட்டூக்களை வைத்துக் குற்றக் கும்பலோடு தொடர்பு என்று சந்தேகித்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. நீதிபதி ஏமி கோனி பேரட் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பின் சாரம்: வெளிநாட்டுக் கணவனையோ மனைவியையோ நாட்டுக்குள் அனுமதிக்கச் சொல்லும் அடிப்படை உரிமை ஒரு குடிமகனுக்கு அரசமைப்பில் இல்லை. மூன்று நீதிபதிகள் கடுமையாக மாறுபட்டார்கள். ஆனாலும் சட்டம் இப்போது அதுதான். தூதரக மறுப்பை எதிர்த்து நீதிமன்றம் போவது ஏறக்குறைய அடைபட்ட வழி என்பதால்தான் வேவர் மனு இவ்வளவு முக்கியமாகிறது.

வேவர் மறுக்கப்பட்டால் 30 நாட்களுக்குள், தபாலில் வந்த முடிவு என்றால் 33 நாட்களுக்குள், யுஎஸ்சிஐஎஸ்ஸின் மேல்முறையீட்டு அலுவலகத்துக்குப் போகலாம். இல்லையென்றால் புதிய ஆதாரங்களோடு மறுபடி ஐ-601 போடலாம். எத்தனை முறை என்று வரம்பு இல்லை, ஒவ்வொரு முறையும் 1,050 டாலர். இடையில் தூதரகத்தில் உள்ள விசா கோப்பை ஓராண்டுக்கு மேல் தொடாமல் விட்டால் அதுவே ரத்தாகலாம், ஆகவே அங்கேயும் தொடர்பில் இருக்க வேண்டும்.

மனுவைத் தயாரித்து உங்கள் சார்பில் ஆஜராக அமெரிக்காவில் பதிவு பெற்ற வழக்கறிஞருக்கோ, அந்நாட்டு நீதித் துறை அங்கீகரித்த பிரதிநிதிக்கோ மட்டுமே அனுமதி. 'நூறு சதவீதம் வாங்கித் தரேன்' என்று வாட்ஸ்அப்பில் வரும் கன்சல்டன்சிக்கு இல்லை. அந்தக் கோவைப் பெண்ணுக்கு எட்டு வருடம் முன்பு சான்றிதழ் தயாரித்துக் கொடுத்ததும் அப்படி ஒரு கன்சல்டன்சிதான்.