ஒரு பலாச் சுளையும் ஓர் ஆற்றுப் பத்திரமும்

இடைக்காலம் முடிந்தது, நவீன காலம் பிறந்தது என்று பள்ளி வரலாற்று நூல் ஒரே வரியில் சொல்லிவிடும். முடிந்தது எது, பிறந்தது எது? ஐரோப்பாவைப் பொறுத்தவரை கூட்டன்பர்க்கின் அச்சு இயந்திரம், 1517இல் மார்ட்டின் லூதர் எழுப்பிய எதிர்ப்பு, புதிய கடல் வழிகள் என்று பட்டியல் நீளும். இவற்றுக்கெல்லாம் அடியில் இன்னொரு மாற்றம் நடந்தது. மன்னரின் ரத்தத்தில் இருப்பதாக நம்பப்பட்ட அதிகாரம் மெல்ல மெல்ல ஒப்பந்தம், சட்டம், நிலப் பத்திரம் என்று எழுத்துக்கு இடம் மாறியது. அதைப் பார்க்க ஐரோப்பாவரை போக வேண்டியதில்லை. கோத்தா திங்கி போதும்.

அங்கே சுல்தான் மாமுட் ஷாவின் சமாதி இருக்கிறது. 1699இல் கொல்லப்பட்டவர். கதை நாடறிந்தது. மெகாட் ஸ்ரீ ராமாவின் கர்ப்பிணி மனைவி ஆசைப்பட்டு அரண்மனைப் பலாவில் ஒரு சுளை சாப்பிட்டாராம். சுல்தான் அவர் வயிற்றைக் கிழிக்கச் சொன்னாராம். கடலிலிருந்து திரும்பிய கணவர், பல்லக்கில் பள்ளிவாசலுக்குப் புறப்பட்ட சுல்தானைக் குத்திக் கொன்றாராம். பலாச் சுளை உண்மையோ இல்லையோ, கொலை உண்மை. அதன்பின் எழுந்த குழப்பம் அதைவிடப் பெரிய உண்மை.

சுல்தானுக்கு வாரிசு இல்லை. முதலமைச்சரான பெண்டஹாரா அரியணை ஏறினார். ஆட்சிக்குத் தேவையான அனுபவம் அவரிடம் இருந்தது. மலாக்கா அரச வம்சத்தின் ரத்தம் மட்டும் இல்லை. அந்த ரத்தத்தில்தான் 'டவ்லாட்' என்ற தெய்வீக ஆற்றல் ஓடுவதாக மக்கள் நம்பினார்கள். ஆகவே, 'கொல்லப்பட்ட சுல்தானின் மகன் நான்' என்று 1718இல் ராஜா கெச்சில் படையோடு வந்தபோது அவரை நம்பவும் ஆட்கள் இருந்தார்கள். தலைநகரம் அவர் கைக்குப் போனது.

இதற்கு 50 ஆண்டுகளுக்கு முன், 1649இல், இங்கிலாந்திலும் ஒரு மன்னர் உயிரிழந்தார். முதலாம் சார்லஸ். அவர்மீது வழக்கு நடந்தது. மரண ஆணையில் 59 பேர் கையெழுத்திட்டார்கள். அந்த வழக்கு நியாயமா என்று வாதிடலாம். ஆனால் அங்கே மன்னரின் சாவுக்கே ஒரு காகிதம் தேவைப்பட்டது. கோத்தா திங்கியில் ஒரு கிரிஸ் போதுமானதாக இருந்தது. யுகங்களுக்கு இடையிலான வேறுபாடு அதுதான்.

ஜொகூருக்குக் காகிதம் வந்தது 19ஆம் நூற்றாண்டில். வந்த பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. 1844இல் தெமெங்கோங் இப்ராஹிம் சீனத் தலைவர்களுக்கு 'சூராட் சுங்கை' எனும் ஆற்றுப் பத்திரங்களை எழுதிக்கொடுக்கத் தொடங்கினார். பத்திரம் பெற்றவர் 'கங்சூ'. ஆற்றோரக் காட்டை அழித்து மிளகும் கேம்பியரும் பயிரிடுவது அவர் பொறுப்பு. (கேம்பியர் தோல் பதனிட உதவும், வெற்றிலையோடும் மெல்லுவார்கள்.) கங்கார் பூலாய் போன்ற ஊர்ப்பெயர்கள் அந்தக் காலத்தின் மிச்சம்.

1855 மார்ச்சில் இன்னும் வியப்பான ஒன்று நடந்தது. 5,000 ஸ்பானிய வெள்ளி ரொக்கம், மாதந்தோறும் 500 வெள்ளி என்ற ஏற்பாட்டில், மூவார் - கீசாங் பகுதி நீங்கலாக ஜொகூரின் ஆட்சியை சுல்தான் அலி தெமெங்கோங்கிடம் விட்டுக்கொடுத்தார். 1699இல் ரத்தம் சிந்தியும் தீராத சிக்கல் இம்முறை கையெழுத்தோடு முடிந்தது. இப்ராஹிமின் மகன் அபு பக்காருக்கு 'சுல்தான்' என்ற பட்டத்தை பிரிட்டன் ஏற்றுக்கொண்டதும் 1885இல் லண்டனில் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் வழியாகத்தான்.

எழுத்தின் வலிமையை அவரைப்போல் உணர்ந்த மலாய் மன்னர் அன்று வேறு யாருமில்லை எனலாம். 1895 ஏப்ரல் 14ஆம் நாள் ஜொகூருக்கு அரசியலமைப்புச் சட்டம் கொடுத்தார். எந்த ஐரோப்பிய அரசுக்கும் நாட்டைத் தாரை வார்க்கக் கூடாது என்று சுல்தானையே கட்டுப்படுத்தியது அது. அடுத்த ஜூனில் லண்டனில் காலமானார். 1914இல் பிரிட்டிஷ் பொது ஆலோசகரின் அதிகாரத்தை ஜொகூர் ஏற்க வேண்டியதாயிற்று என்பது உண்மையே. இருந்தும் மலாய் மாநிலங்களில் கடைசியாகப் பணிந்தவற்றுள் ஜொகூரும் ஒன்று.

கங்சூவைப் பத்திரம் உயர்த்தியது. அவருக்குக் கீழே வேலை செய்த கூலிக்கோ கடன் கணக்கும் அபினும்தான் மிஞ்சின. அபின் விற்கும் உரிமையும் பெரும்பாலும் அதே கங்சூவிடம். 1917இல் அந்த முறை ஒழிக்கப்பட்டது. அதற்குள் ரப்பர் வந்துவிட்டது, நம்மவர்களும் வந்துவிட்டார்கள். மலாயாவுக்கு ஒப்பந்தக் கூலியாக வந்த தமிழருக்கும் ஒரு காகிதம் இருந்தது. அது அவரைக் கட்டிப்போட்ட காகிதம்; மீறினால் சிறை. 1910இல் அந்த முறை நிறுத்தப்பட்டாலும், கங்காணி வழி வந்தவர் குடியிருந்த லயத்துக்கு அவர் பெயரில் பத்திரம் கிடையாது. வேலை போனால் வீடும் போகும்.

1950களில் வெள்ளைக்காரத் தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டபோது அந்த இல்லாத பத்திரத்தின் அருமை தெரிந்தது. தலைமுறையாகப் பால் வெட்டிய குடும்பங்கள் மூட்டை முடிச்சுடன் சாலைக்கு வந்தன. 1960இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது இதற்காகத்தான். தோட்டம் தோட்டமாகப் போய் மாதம் 10 வெள்ளி கேட்டார். மன்னர் பரம்பரையும் கங்சூக்களும் வைத்திருந்த நிலத்துக்கான காகிதத்தில், பங்குதாரர் என்ற முறையில் பால்மரத் தொழிலாளிக்கும் ஓர் இடம் அப்போதுதான் கிடைத்தது.